ஒட்டுத் தெரியாத டிசைன்: வெக்டரில் ரிப்பீட் போடுவது எப்படி?

பூப்போட்ட நைட்டித் துணி ஒன்றை இரண்டு மீட்டருக்கு விரித்துப் போடுங்கள். கண்ணில் படும் ஒரு பூவில் குண்டூசி குத்துங்கள். அதே பூ, அதே சாய்வில், அதே இலையோடு பக்கவாட்டில் மறுபடி எங்கே வருகிறது என்று தேடி அங்கே இன்னோர் ஊசி. மேலிருந்து கீழாகவும் அப்படியே. இன்ச் டேப் வைத்து அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். அந்த அகலமும் உயரமும்தான் அந்தத் துணியின் ரிப்பீட். துணி முழுக்க ஆயிரம் பூ இருந்தாலும் டிசைனர் வரைந்தது அந்தச் சின்னக் கட்டம் ஒன்றைத்தான். அந்தக் கட்டத்துக்கு டைல் என்று பெயர்.

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று ஆந்திர எல்லையோரம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. கட்டம் போட்ட லுங்கிக்குப் பாவு ஓட்டும்போது நீலம் இத்தனை இழை, வெள்ளை இத்தனை இழை, சிவப்பு இத்தனை இழை என்று ஒரு வரிசை உண்டு. வரிசை முடிந்ததும் முதலிலிருந்து அதே வரிசை. நடுவில் நாலு இழை விட்டுப்போனால் துணியின் கடைசிவரை அந்தக் கட்டம் கோணலாகவே தெரியும். கம்ப்யூட்டரில் ரிப்பீட் போடுவதும் இதேதான், இழைக்குப் பதில் பிக்சலை எண்ணுகிறோம். வரையத் தெரிந்த பலர் இங்கே தடுமாறுவதற்குக் காரணம், கண்ணளவில் ஒட்டிப் பார்ப்பதுதான். ஒட்டு மறைவது எண்ணால்.

விதி ஒன்றே ஒன்று. டைலின் இடது ஓரத்தைத் தாண்டி ஓர் உருவத்தின் எந்தப் பகுதி வெளியே போகிறதோ, அந்தப் பகுதி வலது ஓரத்தில் அதே உயரத்தில் உள்ளே வந்தாக வேண்டும். மேல் ஓரத்தைத் தாண்டியது கீழ் ஓரத்தில் வர வேண்டும். நகர்த்தும் தூரம் டைலின் அகலமோ உயரமோதான். அரை பிக்சல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் அச்சுக்கட்டையை வரிசையாக ஒற்றுகிறார்களே, அந்தக் கட்டையின் வலது விளிம்பில் அறுபட்ட கொடியின் மறுபாதி இடது விளிம்பில் செதுக்கப்பட்டிருக்கும். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய டைல் அது. காளஹஸ்திக் கலம்காரி வேறு வகை. கலத்தால், அதாவது பேனாவால், கையாலேயே வரைவதால் அங்கே ரிப்பீட் என்ற கட்டாயமே இல்லை.

ஓரத்தை எந்த உருவமும் தொடாமல், எல்லாவற்றையும் டைலுக்குள்ளேயே அடக்கிவிட்டால் ஒட்டுப் பிரச்சினை வராதே என்று தோன்றும். உண்மைதான், ஒட்டு வராது. ஆனால் ஓரம் நெடுக வெற்றிடம் விழுந்து, துணியை விரித்ததும் ஜன்னல் கம்பிபோல் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால்தான் உருவங்கள் ஓரத்தைத் தாண்ட வேண்டும். பெரிய உருவங்களை முதலில் ஓரத்தில் வைத்துவிட்டு, பிறகு நடுவை நிரப்புவதே நல்ல பழக்கம்.

வெக்டர் மென்பொருள் இதற்குப் பொருத்தமாக இருப்பது, கோடுகளைப் புள்ளி புள்ளியாக வைக்காமல் ஆயத்தொலைவுக் கணக்காக வைத்திருப்பதால். 600 நகர்த்து என்றால் 600 நகரும். நாளைக்கு இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் விளிம்பு மங்காது. இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருள் இலவசம், தமிழிலும் எழுத்து வரும், சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும். முதல் பயிற்சியை அதில் செய்யலாம். அங்கே எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியிருப்பதால் விஷயம் நன்றாகப் புரியும்.

ஒரு மாங்காய் டைல்

புதுக் கோப்பைத் திறந்து, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி அழுத்தி, பக்கத்தின் அகலம் 600, உயரம் 600, அலகு பிக்சல் என்று வையுங்கள். செவ்வகக் கருவியால் ஒரு பெட்டி வரைந்து, அதற்கு நிறம் கொடுத்து, ஓரக்கோடு இல்லாமல் ஆக்குங்கள். மேலே உள்ள பெட்டிகளில் எக்ஸ் 0, ஒய் 0, அகலம் 600, உயரம் 600 என்று தட்டச்சு செய்யுங்கள். மவுஸால் இழுத்து அளவு சரிசெய்யவே வேண்டாம். இழுத்தால் 599.873 என்று எங்காவது நிற்கும்.

ஓரக்கோட்டை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்க்ஸ்கேப்பின் அகல, உயரப் பெட்டிகள் வழக்கமாகக் கோட்டின் தடிமனையும் சேர்த்தே காட்டும். 1 பிக்சல் கோடு உள்ள பெட்டிக்கு 600 என்று கொடுத்தால் உள்ளிருக்கும் உண்மையான வடிவம் 599தான். அந்த ஒரு பிக்சல்தான் பிறகு துணி முழுக்க மெல்லிய கோடாக வந்து நிற்கும்.

இனி மாங்காய். ஒரு வட்டம் வரைந்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி அழுத்தினால் அது பாதையாக மாறும். சுற்றி நாலு கணுக்கள், அதாவது பிடித்து இழுக்கும் புள்ளிகள், தெரியும். கணுக் கருவிக்கு ‘என்’ (N) விசை. உச்சிக் கணுவைப் பிடித்து மேலே இழுத்து, சற்றே வலப்பக்கம் சாய்த்து, ஷிஃப்ட்+சி அழுத்தினால் அது கூர்முனையாகும். சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் விளையும் கிளிமூக்கு மாங்காயைக் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள். மூக்கு ஒரே வளைவாக வளையாது. தோளில் சற்றுத் தங்கி, அதன் பிறகுதான் திரும்பும். அந்தத் தங்கல் இல்லாவிட்டால் மாங்காய் வெறும் நீர்த்துளிபோல் ஆகிவிடும். உள்ளே இரண்டு சின்ன வளைவுகளும் ஒரு புள்ளி வரிசையும் போதும். எல்லாவற்றையும் தேர்ந்து கன்ட்ரோல்+ஜி அழுத்தி ஒரே குழுவாக்கி, அளவை அகலம் 180, உயரம் 240 என்று கொடுங்கள்.

இதுபோல் மூன்று மாங்காய் வேண்டும். கன்ட்ரோல்+டி அழுத்தி நகலெடுத்து, முதலாவதை எக்ஸ் −90, ஒய் 80 இடத்திலும், இரண்டாவதை எக்ஸ் 110, ஒய் −120 இடத்திலும், மூன்றாவதை எக்ஸ் 310, ஒய் 280 இடத்திலும் வையுங்கள். இந்த எண்கள் உருவத்தின் மேல்-இடது மூலையைக் குறிப்பவை. முதல் மாங்காயின் பாதி இடது ஓரத்துக்கு வெளியே தொங்கும். இரண்டாவதன் பாதி மேல் ஓரத்துக்கு வெளியே. மூன்றாவது முழுக்க உள்ளே.

இப்போது விதியைச் செயல்படுத்துவோம். முதல் மாங்காயைத் தேர்ந்து ஆல்ட்+டி அழுத்துங்கள். இது வெறும் நகல் எடுப்பதில்லை, குளோன் எடுக்கிறது. பிறகு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் அழுத்தி, நகர்த்தும் பகுதியில் ‘ரிலேட்டிவ்’ குறியிட்டிருக்கிறதா என்று பார்த்து, கிடையாக 600, செங்குத்தாக 0 கொடுத்து அப்ளை. வலது ஓரத்தில் மறுபாதி வந்து உட்காரும். இரண்டாவது மாங்காய்க்கு அதேபோல் குளோன் எடுத்து, கிடையாக 0, செங்குத்தாக 600. இங்க்ஸ்கேப் 1.0 முதல் செங்குத்து எண்கள் கீழ்நோக்கிக் கூடுகின்றன. பழைய பதிப்பில் மேல்நோக்கிக் கூடும். உருவம் எதிர்ப்பக்கம் ஓடினால் −600 கொடுங்கள்.

குளோன் எடுக்கச் சொன்னதன் பலன் பிறகு தெரியும். இடது மாங்காயைப் பத்து டிகிரி சாய்க்கவோ நிறம் மாற்றவோ தோன்றினால், மூலத்தை மாற்றியதும் வலப்பக்கக் குளோனும் தானே மாறும். மூலத்தை நகர்த்தினால் அதுவும் கூடவே நகரும். கன்ட்ரோல்+டி நகலாக இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் நேராக நின்று, ஒட்டில் மாங்காய் உடைந்து தெரியும். புதிதாகக் கற்பவர்களின் டைலில் மிக அதிகமாக வரும் பிழை இது: முதல் தடவை சரியாக ஒட்டியிருப்பார்கள், கடைசி நேரத் திருத்தத்தில் ஒரு பக்கத்தை மறந்திருப்பார்கள்.

மூலைக்குத் தனிக் கணக்கு. 80 பிக்சல் அகலமுள்ள ஒரு சிறு பூவை எக்ஸ் −40, ஒய் −40 இடத்தில் வைத்தால் அது மேல்-இடது மூலையின் மேல் உட்காரும். இதற்கு மூன்று குளோன்கள் வேண்டும்: கிடை 600, செங்குத்து 0; கிடை 0, செங்குத்து 600; கிடை 600, செங்குத்து 600. நாலு மூலையிலும் கால் கால் பூ. ஒன்றை விட்டாலும் துணியில் முக்கால் பூ மலரும்.

இனி சோதனை. எல்லாவற்றையும் தேர்ந்து ஒரே குழுவாக்கி, அந்தக் குழுவுக்கே குளோன்கள் எடுத்து, 600 கணக்கில் சுற்றிலும் எட்டுப் பக்கமும் வையுங்கள். நடுவில் மூலம், சுற்றி எட்டு, மொத்தம் மூன்றுக்கு மூன்று. 4 என்ற விசையை அழுத்தினால் முழுப் படமும் திரையில் அடங்கும். நடுக் குழுவை இரட்டைச் சொடுக்கில் திறந்து அங்கே ஒரு மொட்டு வரைந்தால் ஒன்பது இடத்திலும் மொட்டு தோன்றும். துணி எப்படி வரும் என்பதை வரைந்துகொண்டிருக்கும்போதே பார்த்துவிடலாம். ஓரத்து உருவங்கள் ஒளி ஊடுருவும் நிறத்தில் இருந்தால் மட்டும், ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்கள் அடர்ந்து தெரியும். முதல் டைலுக்குக் கெட்டியான நிறங்களே போதும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது ‘பேஜ்’ என்பதைத் தேர்ந்தால், பக்கத்துக்கு வெளியே தொங்குபவை தானே வெட்டுப்பட்டு 600-க்கு 600 டைல் மட்டும் பிஎன்ஜி கோப்பாகக் கிடைக்கும். ஜேபெக் வேண்டாம். கோப்பைச் சுருக்கும்போது அது ஓரத்து நிறங்களைக் கலைத்துவிடும். ஒட்டு சரியாக இருந்தும் அங்கே லேசாக அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். இன்னொன்று: ‘ஆப்ஜெக்ட்ஸ் டு பேட்டர்ன்’ கட்டளையை இந்த நிலையிலேயே கொடுத்துவிடாதீர்கள். அது வெளியே தொங்கும் பகுதிகளையும் சேர்த்து அளந்து, டைலை 600-க்கு மேல் எடுத்துக்கொள்ளும். பிறகு இடைவெளி இடைவெளியாக நிரம்பும்.

ஒட்டு மறைந்த பிறகும் தெரிகிற ஒட்டு

ஓரம் சரியாகப் பொருந்திவிட்டது. ஆனாலும் மூன்றுக்கு மூன்றைத் தள்ளி நின்று பார்த்தால், மேலே சொன்ன மூன்று மாங்காய்களும் சாய்வாக ஒரே கோட்டில் போவது தெரியும். எண்களைப் பார்த்தாலே காரணம் விளங்கும். ஒவ்வொரு மாங்காயும் அடுத்ததிலிருந்து 200 தள்ளி, 200 ஏறி இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் துணியில் படிக்கட்டுபோல் தடம் விழும். இரண்டாவதை 25 டிகிரி திருப்புங்கள், மூன்றாவதை எச் விசையால் இடவலம் மாற்றுங்கள், ஒன்றை முப்பது பிக்சல் நகர்த்துங்கள். தடம் கலைந்துவிடும்.

தடத்துக்கு அடுத்த தொல்லை ஓட்டை. கிடை 400, செங்குத்து 100 அருகே ஒன்றும், கிடை 200, செங்குத்து 300 அருகே இன்னொன்றும் இந்த டைலில் இருக்கின்றன. அருகில் வைத்து வரையும்போது அவை கண்ணில் படாது. 25 சதவீதத்துக்குச் சுருக்கி, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வெளுத்த இடங்கள் வரிசையாக நிற்கும். அங்கே மொட்டு, இலை, புள்ளி என்று சின்னதாக ஏதாவது வையுங்கள். மாங்காயை விடப் பளிச்சென்ற ஒரே ஒரு சிவப்புப் பூவை மட்டும் டைலில் வைத்தால் அதுவும் தொல்லைதான். துணியில் வேறெதுவும் தெரியாது, அந்தச் சிவப்பு மட்டும் கட்டம் போட்டு நிற்கும். பளிச் நிறத்தை மூன்று இடங்களிலாவது பகிர்ந்து கொடுங்கள்.

பின்னணிக்கு இடமிருந்து வலம் நிறம் மாறும் கிரேடியன்ட் கொடுப்பதும் ஆகாது. இடது ஓரம் இளமஞ்சள், வலது ஓரம் ஆரஞ்சு என்றால் ஒட்டில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும் திரையில் டைல்களுக்கு இடையே மயிரிழைபோல் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பயப்பட வேண்டாம், ஆனால் சோதியுங்கள். ஜூம் அளவை மாற்றும்போது கோடு வந்து வந்து மறைந்தால் அது திரையின் மாயம். பிக்சலுக்கு நடுவில் விழும் விளிம்பை மென்பொருள் மங்கலாக்கிக் காட்டுகிறது. எக்ஸ்போர்ட் செய்த பிஎன்ஜியை அடுக்கிப் பார்த்தும் கோடு நின்றால் பிழை உங்களுடையது. பெட்டியின் இடமும் அளவும் முழு எண்ணாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஹாஃப்-டிராப்

நேர் ரிப்பீட்டில் டைல்கள் தரைக் கற்கள்போல் வரிசையாக நிற்கும். ஹாஃப்-டிராப்பில் அடுத்தடுத்த நெடுவரிசை பாதி உயரம் இறங்கி நிற்கும். சேலை உடலில் புட்டாக்கள் ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கி வருவதுபோல. அதே டைல் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். கண் அவ்வளவு சீக்கிரம் கட்டத்தைக் கண்டுபிடிக்காது. துணிக்கு இதுவே அழகு என்பது இந்தக் கட்டுரையின் துணிந்த கருத்து.

ஆனால் நேர் ரிப்பீட்டுக்குச் செய்த டைலை அப்படியே ஹாஃப்-டிராப்பில் போட்டால் ஓரத்து மாங்காய் வெட்டுப்படும். இடது ஓரத்தில் வெளியேறியது, வலப்பக்கம் 600 தள்ளி, 300 இறங்கியும் வர வேண்டும். நம் முதல் மாங்காயின் குளோனுக்குக் கிடை 600, செங்குத்து 300 கொடுத்தால் அது வலது ஓரத்தோடு கீழ் ஓரத்தையும் சேர்த்துத் தாண்டும். அதனால் கிடை 600, செங்குத்து −300 கொடுத்து மேலேயும் ஒன்று வேண்டும். மூலைப் பூவுக்கும் இதே கணக்கைத் திரும்பப் போட வேண்டும். மேல்-கீழ் விதி மட்டும் மாறாது.

அடோபியின் வெக்டர் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் இந்த வேலை பெரும்பாலும் தானே நடக்கிறது. 2012-இல் வந்த சிஎஸ்6 முதல் ஆப்ஜெக்ட் மெனுவில் பேட்டர்ன், அதற்குள் மேக் என்று இருக்கிறது. உருவங்களைத் தேர்ந்து அதை அழுத்தினால் சுற்றிலும் மங்கலான நகல்களோடு டைல் திறக்கும். ‘கிரிட்’ என்றால் நேர் ரிப்பீட், ‘பிரிக் பை காலம்’ என்றால் ஹாஃப்-டிராப், ‘பிரிக் பை ரோ’ என்றால் செங்கல் அடுக்கு. ஓரத்தில் தொங்குவதை அதுவே மறுபக்கம் கொண்டுவரும். ‘சைஸ் டைல் டு ஆர்ட்’ என்பதில் மட்டும் குறி இருக்கக் கூடாது. இருந்தால் உருவங்களின் வெளி எல்லையே டைல் ஆகிவிடும், எதுவும் ஓரத்தைத் தாண்டாது. முடித்த டிசைன் ஸ்வாட்ச் பலகையில் உட்காரும். ஒரு சட்டைப் படத்தை அதால் நிரப்பி, ஸ்கேல் கருவியை இரட்டைச் சொடுக்கி, ‘டிரான்ஸ்ஃபார்ம் பேட்டர்ன்ஸ்’ மட்டும் குறியிட்டால் சட்டை அப்படியே இருக்க டிசைன் மட்டும் சிறுத்துப் பெருக்கும். கோரல்டிராவில் வேலை பார்ப்பவர்கள் ஆல்ட்+எஃப்7 பலகையில் தூரம் 600, நகல் 1 என்று கொடுத்து, கடைசியில் பவர்கிளிப்பால் பெட்டிக்குள் அடைத்துக்கொள்ளலாம்.

நேர், ஹாஃப்-டிராப், கண்ணாடிப் பிம்பம், சுழற்சி என்று கலந்தால் இன்னும் எத்தனை விதம் என்று கேட்டால் கணிதத்தில் விடை உண்டு. தளத்தில் இரு திசையிலும் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களின் சமச்சீர் வகைகள் மொத்தம் 17 என்று ரஷ்யரான ஃபெடோரோவ் 1891-இல் நிறுவினார். இங்க்ஸ்கேப்பின் ‘கிரியேட் டைல்டு குளோன்ஸ்’ பெட்டியில் அந்தப் பதினேழும் வரிசையாக இருக்கின்றன. முதலாவதான பி1-தான் நாம் இதுவரை செய்த வெறும் நகர்த்தல்.

அச்சுக்கும் தறிக்கும் போகும்போது

டைலின் செ.மீ. அளவை அச்சடிக்கும் முறைதான் முடிவு செய்யும். டிஜிட்டல் பிரின்ட் எந்த அளவையும் ஏற்கும். உருளையை உருட்டி அச்சடிக்கும் ரோட்டரி ஸ்க்ரீனில் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ.; துணியின் நீளவாக்கில் ரிப்பீட் 64, 32, 16 என்று அதில் மீதியின்றி அடங்க வேண்டும். 15 செ.மீ. டைல் அங்கே நாலே கால் தடவைதான் போகும், அதனால் செல்லாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்க்ரீன் என்பதால் நாலைந்து கெட்டி நிறங்களோடு நிறுத்துவது செலவுக்கும் நல்லது.

செ.மீ.யைப் பிக்சலாக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி, என்ற கணக்கில் 6 இன்ச் சரியாக 1800 பிக்சல். ஆனால் 15 செ.மீ. என்றால் 1771.65 வரும், பிக்சலில் தசமம் கிடையாது. செ.மீ.யில்தான் வேலை என்றால் 254 டிபிஐ வைத்துக்கொள்ளுங்கள். 1 இன்ச் 2.54 செ.மீ. ஆதலால் 1 செ.மீ.க்குச் சரியாக 100 பிக்சல் விழும், 16 செ.மீ. டைல் 1600 பிக்சல். துணிக்கு அந்தத் தெளிவு தாராளம்.

டிசைனைத் தறியிலேயே நெய்யும் ஜக்கார்டுக்குப் போகும் டிசைனில் அளவை இழைதான் தீர்மானிக்கும். பாவு இழைகளைத் தூக்கும் கொக்கி 240, இன்ச்சுக்கு 80 பாவு இழை என்றால் ஒரு ரிப்பீட் 3 இன்ச்சுக்கு மேல் அகலாது. அங்கே மாங்காயின் ஒவ்வொரு வளைவும் கிராஃப் கட்டமாக மாறும். உள்ளே போட்ட மெல்லிய கோடு ஓர் இழையைவிடச் சன்னமாக இருந்தால் காணாமல்போகும்.

இன்னொன்றையும் வரையும் முன்பே யோசிக்க வேண்டும். எல்லா மாங்காயும் மூக்கை மேல்நோக்கியே நீட்டினால் தையல்காரர் துணியைத் தலைகீழாகத் திருப்பி வெட்ட முடியாது, துணி கூடுதலாகப் பிடிக்கும். மூக்கு நாலு பக்கமும் பார்த்தால் எப்படித் திருப்பியும் வெட்டலாம்.

கோப்பைக் கொடுக்கும்போது வெக்டர் கோப்பு, ஒரு டைலின் பிஎன்ஜி, மூன்றுக்கு மூன்று மாதிரிப் படம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். டைலின் அகலத்தையும் உயரத்தையும் செ.மீ.யில் எழுதுங்கள். ஹாஃப்-டிராப் என்று வாயால் சொன்னது அச்சுக்கூடத்தில் மறந்துபோய், டைலை நேராகவே அடுக்கிவிடுவது நடக்கிற காரியம். அதைத் தவிர்க்க, டைலையே 1200-க்கு 600 ஆக்கிவிடலாம். பக்கத்தின் அகலத்தை மட்டும் 1200 ஆக்கி, மூலக் குழுவை இடப்பக்கம் வைத்து, அதன் ஒரு குளோனைக் கிடை 600, செங்குத்து 300 என்றும், இன்னொன்றைக் கிடை 600, செங்குத்து −300 என்றும் வைத்து, பக்கத்தை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்த இரட்டை டைலை யார் எப்படி நேராக அடுக்கினாலும் ஹாஃப்-டிராப் உள்ளேயே இருக்கும்.